நாலாவது கன்ட்ரோலர்

கடைசித் திருகாணியும் கழன்று கண்ணாடி மேஜைமேல் உருண்டபோது, உள்ளே ஏதாவது உடைந்து கிடக்க வேண்டும் என்று சென்னியப்பன் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அறுந்த கம்பி, கிழிந்த ரப்பர், வழி தவறிப் போய்ச் செத்த எறும்பு, எதுவானாலும் சரி. காந்திபுரத்தில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில், செல்போன் உறை விற்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நஸீரின் கடை. சனிக்கிழமை, மணி பதினொன்றரை. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அதற்குள் இந்த வீடியோ கேம் கன்ட்ரோலரின் குற்றம் ருசுவாகிவிட்டால் வேறொன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறிவிடலாம். நஸீர் மேல்மூடியைப் பிரித்து, பட்டன்களுக்கு அடியிலிருந்த ரப்பர் தகட்டை விரல்நுனியில் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "ரப்பர் புத்தம் புதுசா இருக்குதுங்ணா. வாங்கிப் பத்து நாள்தான ஆச்சு? தாவற பட்டன்தான் பிரச்சினைங்களா?" ஆமாம், தாவுகிற பட்டன்தான். அழுத்திப் பிடித்தால் திரையில் ஓடும் குட்டி மனுஷன் உயரத் தாவ வேண்டும். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், பிடித்தே இருந்தால் பெரிய தாவல், அதுதான் அந்த விளையாட்டின் விதி. மூன்றாவது கட்டத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வரும். பிடித்தே இருக்க வேண்டும். அவர் பிடித்தே இருக்கிறார், சத்தியமாகப் பிடித்தே இருக்கிறார், ஆனாலும் அந்தக் குட்டி மனுஷன் பாதித் தாவலில் மனசு மாறியவன் மாதிரி பள்ளத்தில் விழுகிறான். "அழுத்திப் பிடிச்சாலும் விட்டுருதுங்க" என்றார் சென்னியப்பன். பஸ்ஸில் வரும்போது ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். விட்டுருதுங்க. யார் விடுகிறார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அதனால்தான் அது பிடித்திருந்தது.

இது நாலாவது. முதலாவது ஒயர் வைத்தது, உக்கடத்தில் வாங்கியது, அதன் ஒயரைக் குற்றம் சொன்னார். இரண்டாவது ஒயர் இல்லாதது, அதற்குப் ப்ளூடூத்தைக் குற்றம் சொன்னார், நாம் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாமதம் இருக்குமாம், இணையத்தில் அதற்கென்றே ஒரு குழு, ராத்திரி பகலாக அதைப் பற்றியே பேசுகிறவர்கள், அவர்கள் சொன்னதை அவர் உடனே நம்பினார், நம்பக் கிடைத்ததே என்று நம்பினார். மூன்றாவது பழைய காலத்து வடிவத்தில் செய்தது, சின்னதாக, சதுரமாக, சிலுவை மாதிரி திசைப் பட்டனோடு. அதில் கட்டைவிரலுக்கு இடம் போதவில்லை என்றார். பிறகு லேப்டாப், பிறகு நாற்காலியின் உயரம், பிறகு எமுலேட்டர். பழைய டிவி கேம்களைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே ஓட வைக்கும் அந்த மென்பொருளில் என்னென்ன அமைப்புகள் உண்டோ அத்தனையும் மாற்றிப் பார்த்தார். மாற்றாதது ஒன்றுதான். ஆனால் இரண்டு வருஷம் இதே விளையாட்டை இதே லேப்டாப்பில் ஒரு உயிர்கூட இழக்காமல் முடித்தவர் அவர். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்து முகம் கழுவுவார். மரகதம் சமையலறையிலிருந்து, "நாப்பத்தொன்பது வயசுல இந்த மனுசனுக்கு வந்த கேடு" என்பாள், அதில் கோபம் இருக்காது. இப்போது பீரோவில் அவள் புடவைகளுக்குப் பின்னால் மூன்று கன்ட்ரோலர்கள் கிடக்கின்றன. போன வாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "மூணு எதுக்குங்க? மூணு கையா இருக்குது?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். விளையாட்டுப் பைத்தியம் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேல். எதைவிட மேல் என்று நினைப்பு போகும்போதே அதைத் திருப்பி வேறு பக்கம் ஓட்டினார், பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மிஷினின் வெளிச்சம் சுவரில் போய் வருவதைப் பார்த்தார், போகிறது, வருகிறது, போகிறது.

இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலை ரத்தம் எடுப்பது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே லேப். ஊசி போனது தெரியாது என்பார்கள். கீமோ வாங்கி நரம்பெல்லாம் சுருங்கிப் போனவர்கள், எங்கேயும் ரத்தம் கிடைக்காமல் நாலு இடத்தில் குத்து வாங்கி வந்தவர்கள், "சென்னியண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டுத்தான் உட்காருவார்கள். அவர் நரம்பைக் கண்ணால் தேட மாட்டார். ஆள்காட்டி விரலை வைப்பார், அந்த விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று லேசாக எழும்பித் தாழும், அவ்வளவுதான். அந்தப் பெருமை அவருக்கு இருந்தது. வெளியே காட்டாத பெருமை, அதனாலேயே ரொம்ப ஆழத்தில் வேர் விட்ட பெருமை. ஆடி மாசம் ஒருநாள் ஒரு லாரி டிரைவருக்கு முதல் குத்தில் கிடைக்கவில்லை, இந்தப் பெட்டி ஊசி முனை மழுங்கலாக இருக்கிறது என்று பெட்டியை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னால் ஊசிதான் மழுங்கல். அப்புறம் ஒரு வாரம் ஏ.சி. குளிரில் விரல் விறைக்கிறது என்றார். அப்புறம் அந்தப் பாப்பா. மிருதுளா, ஏழு வயசு, மஞ்சள் கவுன், காய்ச்சல் விடாமல் இருந்தது, டெங்கு இருக்குமோ என்று டாக்டர் எழுதியிருந்தார். கூட வேலை பார்க்கும் கலாவதி, பாப்பாவின் முழங்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்திருந்தாள். வேண்டாம், அது இப்போது வேண்டாம், நஸீர் ஏதோ கேட்கிறார்.

"கேக்கலைங்களாண்ணா? உங்களுக்கு எந்த கேம்னு கேட்டேன்." சென்னியப்பன் சொன்னார். நஸீரின் முகம் மலர்ந்தது. "அட, அதுங்களா! அதுல மூணாவது ஸ்டேஜ் பள்ளம் பேஜாருங்ணா. நான் எத்தனை தடவ செத்திருப்பேன்னு எனக்கே தெரியாது." நல்ல மனிதர். இணையக் குழுவில் ஒருத்தர், கோயமுத்தூரில் கன்ட்ரோலர் வாங்குவதென்றால் அவரிடம் வாங்குங்கள், பொய் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தார். பொய் சொல்லாதவரிடம் வந்து நிற்கிறோமே என்று சென்னியப்பனுக்கு உறுத்தியது. நஸீர் ரப்பரைத் திரும்ப வைத்து மூடியைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். முடுக்குகிற கை. எவ்வளவு அசையாமல் இருக்கிறது. எல்லாருடைய கையும் இப்படித்தான் இருக்கும்போல, நாம்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை, டீ ஊற்றுகிறவர் கை, கண்டக்டர் கை, மரகதம் வெங்காயம் நறுக்குகிற கை, கொஞ்ச நாளாக அவர் ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். கலாவதியின் கையும் அசையாமல்தான் இருந்தது. முதல் குத்து தப்பியது. இரண்டாவது தப்பியது. பாப்பா கத்தினாள். மூன்றாவதில் ஊசி உள்ளே போய்விட்டு வெளியே வந்தது, தோலுக்கடியில் நீலமாகப் புடைத்தது. நாலாவதுக்கு அவர் ஊசியைக் கொண்டுபோனபோது அதன் முனை ஒரு ஈயைப் போல இடமும் வலமும் அலைந்தது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டும் குத்தினார். அதைத்தான், எல்லாவற்றையும் தாண்டி அதைத்தான், அவரால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. பார்த்துவிட்டும் குத்தினார். பாப்பாவின் அப்பா சத்தம் போட்டார், மேனேஜர் தயாளன் ஓடிவந்தார், "என்னாச்சு?" என்றார், அறையில் எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். குற்றம் சாட்டுகிற பார்வைகூட இல்லை அது. சென்னியண்ணனுக்கே கிடைக்கவில்லையென்றால் வேறேதோ காரணம் இருக்கும் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் அது வாயிலிருந்து வந்தது. "கையை இறுக்கிப் பிடிக்கலைங்க சார். குழந்தை அசைஞ்சிருச்சு."

ஒரு வாக்கியம். ஒன்றரை வாக்கியம். அடுத்த நாளிலிருந்து கலாவதியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், ரிப்போர்ட் பிரித்து உறையில் போடுகிற வேலை. பதினோரு வருஷம் அவர் பக்கத்தில் நின்று ரத்தம் எடுத்தவள். மாற்றிய அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டு அறைக்குப் போனபோது அவள் வழக்கம்போலத் தன் டப்பாவைத் தள்ளி வைத்து, "தக்காளி சாதம்ங்ணா, எடுத்துக்குங்க" என்றாள். எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு இல்லாமல், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அந்தத் தக்காளி சாதத்தின் புளிப்பு மூன்று வாரமாக நாக்கின் ஓரத்தில் இருக்கிறது, பல் விளக்கினாலும் போவதில்லை. அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தெரியாமல் இருக்கும். தான்தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவளே நம்பியிருப்பாள். அவர் அப்படி நம்ப விரும்பினார், விரும்பும்போதே அது எவ்வளவு கேவலமான விருப்பம் என்றும் தெரிந்தது, தெரிந்துகொண்டே விரும்பினார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். பள்ளத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரி. பள்ளத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்குக் குழந்தைதான் அசைந்தது. அப்படி ஒரு பந்தயத்தைத் தன்னோடு தானே கட்டிக்கொண்டு, விழுந்து, எழுந்து, விழுந்து, கடைசியில் கன்ட்ரோலர் சரியில்லை என்று எழுந்தார்.

"இதப் பாருங்ணா" என்று நஸீர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். கன்ட்ரோலரின் படம் ஒன்று வரைந்திருந்தது, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வெள்ளைக் கட்டம். "எந்தப் பட்டன அமுக்கறமோ அந்தக் கட்டம் பச்சையாகும். புடிச்சிருக்கற வரைக்கும் பச்சையாவே இருக்கணும். நடுவுல விட்டுச்சுன்னா பட்டன் கோளாறு." நஸீர் தாவுகிற பட்டனை அழுத்திப் பிடித்தார். கட்டம் பச்சையானது. பச்சையாகவே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, சென்னியப்பன் எண்ணிக்கொண்டிருந்தார், பத்து, பதினைந்து. வயல் மாதிரிப் பச்சை. விடு, விடு, ஒரு தடவை விட்டுத்தொலை. விடவில்லை. "நல்லாத்தான இருக்குது" என்று நஸீர் தலையைச் சொறிந்தார். "இப்ப நீங்க அமுக்குங்ணா, எப்படி அமுக்கறீங்கன்னு பாப்போம்." வேண்டாங்க, பரவாயில்லைங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வேற ஒண்ணு குடுங்க. இதெல்லாம் அவர் மனசுக்குள் சொன்னது. கை அதற்குள் நீண்டு கன்ட்ரோலரை வாங்கிவிட்டது. பிளாஸ்டிக்கில் நஸீரின் கைச்சூடு இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பச்சை. வெள்ளை. பச்சை. வெள்ளை பச்சை வெள்ளை. இமை மாதிரி அந்தக் கட்டம் அடித்துக்கொண்டது. இன்னும் அழுத்தினார், நகம் வெளுக்கும்வரை. கொஞ்ச நேரம் நின்றது. நின்றதே என்று மூச்சு விட்டபோது மறுபடி அடித்தது. திரையில் பார்ப்பதை விட்டுக் குனிந்து தன் விரலைப் பார்த்தார். மெல்லிய ஆட்டம். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் போகாமல்.

அப்பாவின் கைதான் இது. அப்பாவுக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறி வேலை, ஐம்பது தாண்டியதும் கை ஆடத் தொடங்கியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். சென்னியப்பனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி சிந்தி வேட்டியெல்லாம் கறை. மரகதத்தின் மாமா ஒருத்தர் வாசலில் அவரைத் தனியே கூப்பிட்டு, "உங்கப்பா தண்ணி போடுவாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர், "இப்ப கொறைச்சுக்கிட்டாருங்க" என்றார். அப்பா வாழ்க்கையில் குடித்ததே இல்லை. அது மகனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு காரணம் வேண்டியிருந்தது, சொல்லக்கூடிய காரணம், எல்லாரும் தலையாட்டக்கூடிய காரணம். அப்பா நாலு அடி தள்ளிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அப்போது இருபத்தைந்து வயசு, இப்போது நாற்பத்தொன்பது, நடுவில் கற்றுக்கொண்டது ஒன்றும் இல்லை. அன்றைக்கு அப்பா, இப்போது கலாவதி. ஒரே ஆளின் ஒரே பழக்கம்.

நஸீரும் அந்த விரலைப் பார்த்துவிட்டார். சென்னியப்பனுக்கு அது நிமிராமலே தெரிந்தது. பிறகு நஸீர் மெதுவாகக் கை நீட்டிக் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சாதாரணமாக, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த மாடல்ல இது வர்றதுதானுங்ணா. நான் புடிச்சா ஒரு மாதிரி, வேற ஆளு புடிச்சா ஒரு மாதிரி காட்டும். பட்டன் கோளாறுதான். நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிக்கறேன். கொஞ்சம் கெட்டியான பட்டன் வெச்சது ஒண்ணு வந்திருக்குது, அத எடுத்துட்டுப் போங்க. வெலை வித்தியாசமெல்லாம் ஒண்ணும் குடுக்க வேண்டாம்." பொய் சொல்லாத மனிதர், முன்பின் பழக்கமில்லாத ஒரு ஆளின் முகத்தைக் காப்பாற்ற, கண்ணெதிரே பொய் சொல்கிறார். சென்னியப்பனுக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை நாள் அவர் தேடி அலைந்தது இதைத்தான். குற்றம் பட்டனுடையதுதான் என்று இன்னொருத்தர் வாயால் வர வேண்டும் என்று. வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போகலாம். புதுப் பெட்டி மேஜைமேல் வந்துவிட்டது, பளபளவென்று, ஒட்டு பிரிக்காமல். அதை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு டூட்டிக்குப் போய், கையுறை போட்டு, ஊசி எடுத்து. "இல்லீங்க" என்றார். புதுப் பெட்டியை நஸீர் பக்கமே தள்ளினார். "பட்டன் நல்லாத்தான் இருக்குதுங்க. கைதான் ஆடுது. என் கைதான்." நஸீர் நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணா?" சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்த சிரிப்பு. "நான் ஆஸ்பத்திரியிலதானுங்க வேலை பாக்கறேன்." "என்ன வேலைங்ணா?" சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் நின்றார். கீழே தெருவில் பஸ்களின் ஹாரன், பழச்சாறு மிஷின் சத்தம். படியேறி வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். இப்போது பண்ணாவிட்டால் எப்போதும் பண்ண மாட்டோம் என்று தெரிந்தது, தன்னைப் பற்றி அந்த அளவுக்காவது அவருக்குத் தெரியும். போனை எடுத்தார். கலாவதி உடனே எடுத்தாள். பின்னால் காகிதம் புரளும் ஓசை, ஸ்டேப்ளர் சத்தம். "சொல்லுங்ணா." "கலா, அன்னிக்கு அந்தப் பாப்பா." "எந்தப் பாப்பாங்ணா?" தெரிந்தேதான் கேட்கிறாள். "மிருதுளா. நீ சரியாத்தான் புடிச்சிருந்தே." ஸ்டேப்ளர் நின்றது. "அது எனக்குத் தெரியுமுங்ணா." "கை ஆடினது என்னுது." "அதுவும் தெரியும். பாப்பா முழங்கை என் கைக்குள்ளதான இருந்துச்சு. நீங்க ஊசி வெக்கறப்பெல்லாம் உங்க கை ஆட்டம் என் கையில வந்து இடிச்சுது." படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் தக்காளி சாதம் கொடுத்தபோதும் தெரியும். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னபோதும் தெரியும். "தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?" என்றார், கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அழுக்கு அவருக்கே உறைத்தது, இப்போதும் தப்பை அவள் பக்கம் தள்ளுகிற கேள்வி. "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள் கலாவதி. "ரெண்டு நாள் இருந்தேன். மூணாவது நாள் விட்டுட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மன்னிச்சிரும்மா." "அது கிடக்கட்டும்ங்ணா. இன்னிக்கு மத்தியானம் யாருக்குக் குத்தப் போறீங்க?"

மூன்று வாரமாக அவர் குழந்தைகளை ஒவ்வொரு சாக்குச் சொல்லி அடுத்த மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நரம்பு தடித்த ஆம்பிளைகளாகப் பார்த்துத் தன் நாற்காலிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தார். கீழ்த்தளத்தில் இருக்கிறவளுக்கு அதுகூடத் தெரிந்திருக்கிறது. "வெக்கறேன் கலா, மேனேஜருக்குப் பேசணும்" என்று சொல்லிவிட்டு, யோசனை குறுக்கே வருவதற்குள் தயாளனின் எண்ணை அழுத்தினார். கட்டைவிரல் இரண்டு முறை பக்கத்து எண்ணில் பட்டு, மூன்றாவது முறைதான் சரியாகப் போனது. "சென்னியப்பன், நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றார் தயாளன் உற்சாகமாக. "சாயிபாபா காலனி டீச்சரம்மா வந்து உக்காந்திருக்காங்க. வேற யாரையும் கிட்ட விட மாட்டேங்கறாங்க. நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கேன்னு ஒரே புடிவாதம்." டீச்சரம்மாவின் மெலிந்த கை அவருக்குத் தெரியும். தோல் காகிதம் மாதிரி இருக்கும், இடது முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு நரம்பு, அதுவும் விரலுக்கு அடியில் நழுவும். பன்னிரண்டு வருஷமாக அந்த அம்மாவுக்கு அவர்தான். "சார், அன்னிக்கு அந்தப் பாப்பா விஷயத்துல நான் சொன்னது பொய்ங்க" என்றார். "கலாவதி கைய நல்லாத்தான் புடிச்சிருந்துச்சு. என் கை ஆடுச்சு. ஆடுறது தெரிஞ்சுதான் நாலாவது தடவயும் குத்தினேன்." மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தயாளனின் குரல் தாழ்ந்தது. "இதெல்லாம் போன்ல வேண்டாம். முதல்ல நீங்க கிளம்பி வாங்க. டீச்சரம்மா காத்திருக்காங்க." கீழே ஒரு பஸ் கிளம்பியது, கண்டக்டர் அதன் பக்கவாட்டைத் தட்டினார்.

"வர்றேன் சார்" என்றார் சென்னியப்பன். "குத்த மாட்டேன். அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்."